தகதிமி தகதகிட என்று சொல்ல வந்தால் இதுவும் வரும்

வாசகர் கேள்வி:

மேடம், நான் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ரிசப்ஷனில் இருக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். போன மாதம் எங்கள் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் புதுப் போர்டு மாட்டினார்கள். அன்றிலிருந்து போனில் அந்த டாக்டரைப் பற்றிக் கேட்டால் 'ஓட்டோரைனோலாரிங்காலஜிஸ்ட்' என்று முழுப் பெயரையும் சொல்ல வேண்டும் என்று உத்தரவு. நான் சொன்னால் எதிர்முனையில் "என்னது? என்னது?" என்கிறார்கள். சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் "ஸ்ட்ரெஸ் தப்பு" என்கிறார். எங்கே அழுத்த வேண்டும் என்று கேட்டால் அவருக்கும் சொல்ல வரவில்லை. ஸ்கூலில் குறளுக்கு அலகிட்ட மாதிரி அலகிட்டுப் பார்த்தேன். எட்டு அசை வந்தது. டிக்‌ஷனரியில் ஒன்பது இருக்கிறது. கோடு போட்டிருக்கிற இடத்தில் 'ரிங்' என்பதை அழுத்திச் சொன்னேன். அதுவும் தப்பாம். இந்தச் சொல்லை எப்படிப் பிரிப்பது, எங்கே அழுத்துவது? இன்னொன்று: ஏழாவது படிக்கும் என் மகன் 45 எழுத்து உள்ள ஒரு வியாதிப் பெயரை எழுதிக்கொண்டு வந்து "இதைச் சொல்லு பார்க்கலாம்" என்கிறான். அதற்கும் வழி சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம், பெரம்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது நீங்கள் அலகிட்டுப் பார்த்ததுதான். சென்னையில் இருபது வருடத்துக்கு மேலாக உச்சரிப்புச் சொல்லிக் கொடுக்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் பள்ளியில் படித்த தமிழைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஆங்கில வகுப்புக்குள் வருகிறார்கள். நீங்கள் அதைக் கையோடு கொண்டு வந்திருக்கிறீர்கள். இந்தச் சொல்லுக்கு வேண்டியதில் பாதி அதிலேயே இருக்கிறது.

முதலில் அந்த எட்டு, ஒன்பது விவகாரம். நீங்கள் இப்படித்தான் பிரித்திருப்பீர்கள்: ஓட், டோ, ரை, னோ, லா, ரிங், கா, லஜிஸ்ட். தமிழ்க் கணக்கில் இது சரியான விடை. கடைசியில் வரும் 'லஜிஸ்ட்' இரண்டு குறில் இணைந்து ஒற்றெடுத்த நிரையசை. தமிழ் யாப்பு இரண்டு குறிலை ஒரே மூச்சில் சேர்த்து ஓர் அசையாக எண்ணும். கருவிளம் நமக்கு இரண்டு அசை. ஆங்கிலக் காதுக்கு அதே சொல் க, ரு, வி, ளம் என்று நான்கு. ஆங்கிலத்தில் நேர், நிரை கிடையாது. ஓர் உயிரொலி கேட்டால் ஓர் அசை, அவ்வளவுதான். ஆகவே 'லஜிஸ்ட்' அங்கே ல, ஜிஸ்ட் என்று இரண்டாகிறது. விட்டுப்போன ஒன்பதாவது அசை அதுதான். சந்தேகம் வந்தால் புறங்கையைத் தாடைக்கு அடியில் வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். ஒவ்வோர் உயிருக்கும் தாடை கொஞ்சம் இறங்கும்.

பத்தாவதாக ஒன்று நம்மை அறியாமல் சேரும், அதையும் கவனியுங்கள். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. அதனால் 'ஜிஸ்ட்' என்று நிறுத்த நாக்கு ஒப்பாமல் 'ஜிஸ்ட்டு' என்று ஓர் உகரத்தைப் போட்டுவிடும். பஸ்ஸை 'பஸ்ஸு' என்பதும் டெஸ்ட்டை 'டெஸ்ட்டு' என்பதும் அதே பழக்கம்தான். வீட்டில் அப்படிச் சொன்னால் ஒரு குறையும் இல்லை. ஆனால் போனில் இந்தச் சொல்லின் தாளம் அந்த ஓர் உகரத்தால் குலையும்.

இனி, வெட்டும் இடம். இந்தச் சொல் கிரேக்க வேர்களால் ஆனது. ஓட்டோ என்பது காது. ரைனோ மூக்கு. காண்டாமிருகத்தை ரைனோ என்கிறோமே, மூக்கில் கொம்பு உள்ளது என்பதுதான் அந்த முழுப் பெயரின் பொருள். அதை நினைத்துக்கொண்டால் இது மறக்காது. லாரிங்க்ஸ் குரல்வளை. மீதி, அந்தத் துறை படித்தவர் என்பது. நம் 'காது மூக்கு தொண்டை' அதே வரிசையில் அப்படியே இருக்கிறது. பொருளைப் புரிந்துகொள்ள இந்தப் பிரிப்பு வேண்டும். ஆனால் வாயால் சொல்லும்போது இதே இடங்களில் வெட்டக் கூடாது. நீங்கள் 'ஓட்டோ... ரைனோ... லாரிங்... ஆலஜிஸ்ட்' என்று நான்கு துண்டாகச் சொல்கிறீர்கள் என்பது என் ஊகம். கேட்பவருக்கு நான்கு தெரியாத சொற்கள் வந்து விழுகின்றன. அதனால்தான் "என்னது?" என்கிறார்.

நாள், இதழ் என்று பொருளைப் பிரிப்போம். வாயால் சொல்லும்போது நா-ளி-தழ். உடல்மேல் உயிர் வந்து ஒன்றும் என்று பள்ளியில் படித்தோமே, அதேதான் இங்கேயும் நடக்கிறது. லாரிங்க் என்பதன் கடைசி 'க்' தன் சொந்த வீட்டை விட்டு, பின்னால் வரும் 'ஆ'வோடு போய் ஒட்டிக்கொண்டு 'கா' ஆகிறது: லா, ரிங், கா. 'சங்கு' சொல்லும்போது வருமே, அதே ங்க. இதற்கு நாக்கைப் புதிதாக எங்கும் வளைக்க வேண்டியதில்லை. ஹெலிகாப்டரும் இப்படித்தான். வேர்ப்படி அது ஹெலிகோ, ப்டர், சுழல், இறக்கை. உலகமே ஹெ-லி-காப்-டர் என்றுதான் சொல்கிறது.

டிக்‌ஷனரியில் தலைச்சொல்லின் நடுவே புள்ளி வைத்துப் பிரித்திருந்தால், அது பெரும்பாலும் வரி முடிவில் சொல்லை எங்கே ஒடிக்கலாம் என்று அச்சுக்காரருக்குச் சொல்வது. அதை விட்டுவிடுங்கள். பக்கத்தில் உச்சரிப்புக் குறிகளோடு இருப்பதை மட்டும் பாருங்கள். அங்கே மேலே ஒரு சின்னக் கோடு இருக்கும், அது முதன்மை அழுத்தம். கீழே சின்னக் கோடு இருந்தால் துணை அழுத்தம். நீங்கள் 'ரிங்'கில் மாட்டிக்கொண்டது இங்கேதான். இன்று பெரும்பாலான அகராதிகளில் கோடு அழுத்த வேண்டிய அசைக்கு முன்னால் வரும். சில பழைய அகராதிகளில் பின்னால் வரும். உங்கள் கோடு 'ரிங்'குக்கும் 'கா'வுக்கும் நடுவில் இருந்திருக்கிறது. நீங்கள் அது 'ரிங்'கைச் சேர்ந்தது என்று எடுத்துக்கொண்டீர்கள். அது 'கா'வைச் சேர்ந்தது. உங்களுக்குத் தெரிந்த ஒரு சொல்லை அதே அகராதியில் பார்த்தால் அது எந்த வழக்கம் என்று உடனே விளங்கிவிடும். 'டாக்டர்' எடுத்துப் பாருங்கள். கோடு 'டாக்'குக்கு முன்னால் நின்றால் முன்கோடு அகராதி.

ஆனால் அகராதி இல்லாமலே அழுத்தத்தைக் கண்டுபிடிக்கலாம். நீளமான ஆங்கிலச் சொல்லை முன்னாலிருந்து பிடித்தால் திணறும். வாலைப் பிடிக்க வேண்டும். அழுத்தம் எங்கே விழும் என்பதைப் பல சமயம் வால்தான் தீர்மானிக்கிறது. 'ஆலஜி', 'ஆலஜிஸ்ட்' என்று முடிந்தால் அழுத்தம் அந்த வாலின் முதல் உயிரான 'ஆ' இருக்கும் அசையில். இதை உங்கள் மருத்துவமனையின் போர்டுகளிலேயே பார்க்கலாம். அழுத்தும் அசைக்கு முன்னால் நான் ஒரு மேற்கோடு போடுகிறேன்: கார்-டி-'யா-ல-ஜிஸ்ட். டெர்-ம-'டா-ல-ஜிஸ்ட். நியூ-'ரா-ல-ஜிஸ்ட். நெஃப்-'ரா-ல-ஜிஸ்ட். கடைசியில் இரண்டு அசையை விட்டுவிட்டு மூன்றாவதில் அடி விழுகிறது. கேஸ்ட்ரோஎன்டராலஜிஸ்ட் என்றாலும் அப்படியே: கேஸ்-ட்ரோ-என்-ட-'ரா-ல-ஜிஸ்ட். நம் சொல்லும் அதே குடும்பம்: ஓ-டொ-ரை-னொ-லா-ரிங்-'கா-ல-ஜிஸ்ட்.

வால் மாறினால் அடியும் இடம் மாறும். ஸ்கேன் பிரிவுப் பக்கம் போனால் கேட்பீர்கள். கருவியின் பெயர் 'என்-ட-ஸ்கோப், முதலில் அடி. பரிசோதனையின் பெயர் என்-'டாஸ்-க-பி, இரண்டாவதில் அடி. ஃபோட்டோ குடும்பம் இன்னும் தெளிவு: 'ஃபோ-ட-கிராஃப், ஃப-'டா-க்ர-ஃபி, ஃபோ-ட-'க்ரா-ஃபிக். ஒரே வேர், மூன்று வால், மூன்று இடம். 'ஐட்டிஸ்' என்று முடிகிற வீக்க நோய்களில் 'ஐ' மேல் அடி: டான்-ஸி-'லை-டிஸ், ஆர்த்-'ரை-டிஸ். 'ஷன்' என்று முடிந்தால் அதற்கு முந்திய அசையில்: ஆ-ப-'ரே-ஷன், ரெ-ஜிஸ்-'ட்ரே-ஷன். இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு வாரம் உங்கள் கவுன்டரில் வந்து போகிற சொற்களின் வாலை மட்டும் கவனியுங்கள், தானாகப் படிந்துவிடும்.

இனி நான் மிகவும் சொல்ல ஆசைப்படுவது. இந்த 9 அசையில் அடி ஒன்றே ஒன்று அல்ல. 'கா'வில் விழுவது பெரிய அடி. அதற்கு முன்னால் ஒன்று விட்டு ஒன்றாக மூன்று சின்ன அடிகள்: ஓ, ரை, லா. அகராதியில் கீழ்க்கோடு போட்டிருப்பது இவற்றுக்குத்தான். இப்போது கையைத் தட்டிச் சொல்லுங்கள்:

தக / திமி / தக / தகிட
ஓ-டொ / ரை-னொ / லா-ரிங் / கா-ல-ஜிஸ்ட்

மிருதங்கம் கற்கிற பிள்ளைகள் சொல்லும் சங்கீர்ணம் இது. தகதிமி தகதகிட, ஒன்பது. மயிலாப்பூர்த் தெருக்களில் மார்கழிக் காலையில் இந்தச் சொற்கட்டு எங்கிருந்தாவது காதில் விழும். இரண்டு இரண்டு இரண்டு மூன்று. ஆங்கிலச் சொல்லின் அழுத்தமும் அதே கட்டில் அப்படியே உட்காருகிறது. பெரிய அடி கடைசி 'தகிட'வின் 'த'வில். முதலில் சொற்கட்டை நாலு தடவை சொல்லுங்கள். பிறகு கையை நிறுத்தாமல் சொல்லை அதன்மேல் ஏற்றுங்கள். துண்டு துண்டாக நின்ற நான்கு சொற்களும் ஒரே சொல்லாகக் கூடுவதை நீங்களே கேட்பீர்கள்.

இது தற்செயலாக ஒரு சொல்லுக்கு அமைந்ததல்ல. கண் டாக்டர், ஆஃப்-தால்-'மா-ல-ஜிஸ்ட், 5 அசை: தக தகிட, கண்டம். எழும்பூர் கண் ஆஸ்பத்திரி 1819-இல் தொடங்கியது. இரண்டு நூற்றாண்டாக இந்த ஊரில் புழங்குகிற துறை, இன்றும் அதன் ஆங்கிலப் பெயரில் நம் நாக்கு இடறுகிறது. கண்டம் தட்டிச் சொல்லுங்கள், இடறாது. இதய டாக்டரும் தோல் டாக்டரும் அதே கண்டம். மயக்க மருந்து டாக்டர் 7 அசை: ஆ-னஸ் / தீ-ஸி / 'யா-ல-ஜிஸ்ட். கேஸ்ட்ரோவும் 7. இரண்டுக்கும் தகதிமி தகிட. முன்பாதி எத்தனை நீண்டாலும் வால் எப்போதும் 'தகிட'தான்.

ஒரு வித்தியாசத்தை மட்டும் மறக்கக் கூடாது. சொற்கட்டில் ஒவ்வோர் எழுத்தும் ஒரே அளவு. ஆங்கிலத்தில் அப்படி இல்லை. அடி விழாத அசைகள் சுருங்கும், உயிர் மங்கும். நாம் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தமிழில் எழுதும்போது ஓட்டோரைனோ என்று எல்லாவற்றையும் நெடிலாக எழுதுகிறோம், பிறகு எழுதியதையே வாசிக்கிறோம். 'ட்' ஏன் இரட்டிக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? இரண்டு உயிருக்கு நடுவே தனி ட வந்தால் தமிழில் அது மென்மையாக ஒலிக்கும். 'ஓடு' சொல்லிப் பாருங்கள். வன்மை போகாமல் காக்க 'ட்ட' எழுதுகிறோம். காரணம் நியாயமானது. ஆனால் விளைவு, நாக்கு அங்கே ஒரு கணம் உட்கார்ந்து எழுகிறது, ஓட்டமும் அங்கேயே அறுகிறது. 'ட'வை வன்மையாகவே சொல்லுங்கள், அதன்மேல் உட்காராமல் தொட்டுவிட்டுப் போங்கள்.

மங்குகிற உயிர் என்பது நமக்குப் புதிதல்ல. 'பாக்கு', 'காசு' என்னும்போது கடைசி உகரத்துக்கு உதட்டை முழுதாகக் குவிப்பதில்லை. ஒரு மாத்திரை அரை மாத்திரையாகிறது. குற்றியலுகரம் என்று பெயர் வைத்துப் படித்தோம். ஆங்கிலத்தில் அந்தத் தளர்ச்சி எந்த உயிருக்கும் வரும். டொ, னொ இரண்டும் தளர வேண்டும். 'ல' இன்னும் தளர வேண்டும். வாயை ஏதும் செய்யாமல் விட்டால் என்ன ஒலி வருமோ அதுதான். இந்த மூன்றும் தளர்ந்தாலே 'கா' எழுந்து நிற்கும். நீங்கள் தனியாகக் கத்த வேண்டியதில்லை.

கத்துவதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 2000-களின் தொடக்கத்தில் ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு கால் சென்டரில் பயிற்சி கொடுக்கப் போனேன். ஸ்ட்ரெஸ் என்றால் சத்தமாகச் சொல்வது என்று அவர்கள் கொடுத்த கையேட்டில் இருந்தது. அதை அப்படியே நடத்தினேன். மூன்றாவது வாரம் வகுப்பில் பாதிப் பெண்களுக்குத் தொண்டை கட்டிப் போயிருந்தது. அவர்கள் சொன்ன சொற்களும் தெளியவில்லை. அது இன்னும் என் மனத்தில் உறுத்துகிறது. அழுத்தம் என்பதில் சத்தம் ஒரு சிறு பங்குதான். அந்த அசையில் குரல் கொஞ்சம் மேலே ஏறும், உயிர் நீளும், அதன் நிறம் மங்காமல் முழுதாக இருக்கும். போன் கம்பியில் சத்தம் பிசிறும், ஏற்றமும் நீளமும் தப்பாமல் போய்ச் சேரும். எட்டு மணி நேரம் பேசுகிற தொண்டை உங்களுடையது, அதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டு முழுச் சொற்கள் சேர்ந்த கூட்டுச் சொற்களுக்கு வேறு வழக்கம். அங்கே பெரும்பாலும் முதல் சொல்லில் அடி: 'பிளட் டெஸ்ட், 'வெயிட்டிங் ரூம், 'அவுட் பேஷன்ட். நம் 'லைட் ஹவுஸ் அப்படித்தான். இரண்டாவதை அழுத்தினால் கனமில்லாத வீடு என்று பொருள் போய்விடும். தெருப் பெயர்களில் ஓர் அழகு இருக்கிறது. ஸ்ட்ரீட் என்று முடிந்தால் முன்னால் அடி, ரோடு என்று முடிந்தால் ரோடு மேலேயே அடி. 'மின்ட் ஸ்ட்ரீட், ஆனால் மவுண்ட் 'ரோடு. ஆங்கிலத்தில் வழி கேட்பவருக்குச் சொல்லும்போது இது உதவும். நுங்கம்பாக்கத்தையும் பெரம்பூரையும் மட்டும் ஆங்கிலத் தாளத்துக்கு வளைக்காதீர்கள். அவை நம் சொற்கள், நம் தாளத்திலேயே இருக்கட்டும்.

உங்கள் சூப்பர்வைசரிடம் ஒரு யோசனை சொல்லிப் பாருங்கள். முழுப் பெயரை வேறு மருத்துவமனைகளிலிருந்து பேசும் டாக்டர்களிடமும் இன்ஷூரன்ஸ்காரர்களிடமும் சொல்வது பொருத்தம். காதில் சீழ் வடியும் குழந்தையை வைத்துக்கொண்டு வியாசர்பாடியிலிருந்து பேசுகிற தாய்க்கு அது எதற்கு? அவளுக்கு "காது மூக்கு தொண்டை டாக்டர்" என்றால் மறு கேள்வி இல்லை. நடுவில் இருப்பவர்களுக்கு இ.என்.டி. போதும். அதற்கும் ஓர் அடி உண்டு: எழுத்துச் சுருக்கங்களில் கடைசி எழுத்து எழும், இ.என்.'டி. நீங்கள் சொல்ல முடியாமல் தப்பிக்கப் பார்ப்பதாக அவர் நினைக்கக் கூடாது. அதனால் முதலில் ஒன்பதையும் தட்டாமல் சொல்லிக் காட்டிவிட்டுப் பிறகு கேளுங்கள்.

உங்கள் மகனின் 45 எழுத்துச் சொல் எனக்குத் தெரியும். 1935-இல், மிக நீளமான சொல் ஒன்று வேண்டும் என்பதற்காகவே அமெரிக்காவின் புதிர்ப் பிரியர்கள் சங்கத் தலைவர் உண்டாக்கியது. எரிமலையின் நுண்ணிய சிலிகாத் துகளை மூச்சில் இழுப்பதால் நுரையீரலுக்கு வரும் நோய் என்று பொருள். 19 அசை. நியூ-மொ-னொ, அல்-ட்ரா, மை-க்ரோ-ஸ்கா-பிக், சி-லி-கோ, வால்-கே-னோ, கோ-னி-'ஓ-சிஸ். அவனும் வாலிலிருந்து தொடங்கட்டும். சுரங்கத்திலும் கல் உடைக்கிற இடங்களிலும் வேலை செய்கிறவர்களுக்கு வரும் நிஜ நோய்க்கு டாக்டர்கள் சொல்லும் பெயர் சிலிகோசிஸ். அதை முதலில் சொல்லச் சொல்லுங்கள்: சி-லி-'கோ-சிஸ். நாக்கில் படிந்ததும் அதே தாளத்தில் கோ-னி-'ஓ-சிஸ். அந்த நான்கு அசையும் வந்துவிட்டால் முன்னால் ஒவ்வொரு துண்டாகச் சேர்த்துக்கொண்டே போகலாம்: வால்-கே-னோ-கோ-னி-'ஓ-சிஸ், பிறகு சி-லி-கோ-வால்-கே-னோ-கோ-னி-'ஓ-சிஸ். ஒவ்வொரு தடவையும் தெரிந்த வாலில் வந்து முடிவதால் பயம் வராது. இரண்டு நாளில் சொல்லிவிடுவான். நீங்களும் கூடவே தட்டுங்கள்.